மே மாதத்தில் வீட்டுப் பொருட்களை வைத்து அறிவியல் சோதனை: எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கோடை விடுமுறை தொடங்கிய கையோடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். பள்ளி திறந்ததும் சயின்ஸ் எக்ஸிபிஷன் வைக்கிறார்களாம், என்ன புராஜெக்ட் செய்யலாம்? பதில்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. எரிமலை, எலுமிச்சம்பழ பேட்டரி, தெர்மாகோலில் மழைநீர் சேகரிப்பு, நேரமே இல்லையென்றால் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கிட். பள்ளிக் கண்காட்சிகளுக்கு நடுவராக என்னைக் கூப்பிடுவார்கள், போவதுண்டு. மேசை மேசையாக இவையேதான் உட்கார்ந்திருக்கும். பின்னால் நிற்கும் பிள்ளையிடம் நான் கேட்பது ஒரே கேள்வி, "இதில் நீ எதை அளந்தாய்?" பெரும்பாலான பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்த விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பே இல்லை. அளப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலையைத்தான் நாம் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம்.

அதனால் நான் ஒப்பிட்டுப் பார்க்கும்போது வைத்துக்கொள்ளும் அளவுகோல் ரொம்ப எளிமையானது. முடிவு என்னவாக இருக்கும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. முடிந்தால் பெற்றோருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. எண்களாக எழுதி வைக்க ஏதாவது இருக்க வேண்டும். பொருட்கள் வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தெருமுனைக் கடையில் கிடைக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கிறதா என்பது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

முதலில் எரிமலையை எடுத்துக்கொள்வோம். சோடா உப்பும் வினிகரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி நுரை பொங்கும், அவ்வளவுதான். உண்மையான எரிமலைக்கும் இந்த வேதிவினைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு மாலை நேர விளையாட்டாக இது அருமை, கண்காட்சிக்கு வேண்டாம். எலுமிச்சம்பழ பேட்டரி இதைவிட ஒரு படி மேல். துத்தநாகம் பூசிய ஆணி ஒரு பக்கம், செம்புக் கம்பி ஒரு பக்கம் குத்தினால் ஒரு பழத்துக்குச் சுமார் 0.9 வோல்ட் வரும். சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 2 வோல்ட் தேவை. எனவே மூன்று, நான்கு பழங்களை வரிசையாக இணைக்க வேண்டும், அப்போதும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மங்கலாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் கண்காட்சி மேசையில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியாமல் பிள்ளைகள் கையால் மறைத்து மறைத்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு விஷயம், ஆற்றல் பழத்திலிருந்து வருவதாகத்தான் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அது கரைகிற துத்தநாகத்திலிருந்து வருவது. மல்டிமீட்டர் வீட்டில் இருந்து, பழத்துக்குப் பதில் உருளைக்கிழங்கு, புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் குறித்து வைப்பதாக இருந்தால் செய்யலாம். மல்டிமீட்டர் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் ராக்கெட்டைப் பற்றி ஒரு வரி. பிள்ளைகளுக்கு அதைப்போல் சந்தோஷம் தருவது வேறு இல்லை, ஆனால் பாட்டிலுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் வேலை. ஆள் கூடவே நிற்க முடியாத வீட்டில் அதைத் தொடங்கவே கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது இரண்டாம் மூன்றாம் வகுப்பு வரைக்கும், என் முதல் தேர்வு மஞ்சள்தான். மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்தால் சோதனைத் தாள் தயார். சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், சோடா உப்புக் கரைசல் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், மோர் பட்டால் மஞ்சளாகவே இருக்கும். வீட்டு விசேஷங்களில் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதைப் பிள்ளை ஏற்கெனவே பார்த்திருக்கும், அதே வினைதான் இது. ஆனால் ஒரு குறை உண்டு. மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும், நல்ல தண்ணீரையும் எலுமிச்சைச் சாற்றையும் அதால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குச் செம்பருத்திப் பூவையோ நீலச் சங்குப்பூவையோ வெந்நீரில் போட்டு எடுத்த சாறு வேண்டும். சங்குப்பூச் சாறு எலுமிச்சை விட்டால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும், சோடா உப்பில் பச்சையாகும். தெருவில் பாதி வேலிகளில் சங்குப்பூ படர்ந்து கிடக்கிறது, காசு கிடையாது.

இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறம் மாறியதோடு நிறுத்திவிட்டால் ஒன்றும் இல்லைதான், இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, டீச்சருக்கும் அலுத்துப் போயிருக்கும். ஆனால் சிவந்துபோன மஞ்சள் கரைசலில் எலுமிச்சைச் சாற்றை மருந்து சொட்டும் குழாயால் ஒவ்வொரு சொட்டாக விட்டு, மறுபடி மஞ்சளாக எத்தனை சொட்டு பிடித்தது என்று எண்ணச் சொல்லுங்கள். துணி சோப்புக்கு எத்தனை, குளியல் சோப்புக்கு எத்தனை, பாத்திரம் கழுவும் சோப்புக்கு எத்தனை? எட்டு வயதுப் பிள்ளை தன் கையால் எண்ணி ஒரு பட்டியல் போட்டுவிடும். எந்தச் சோப்பு ஜெயிக்கும் என்று நமக்கும் தெரியாது. ஒவ்வொரு சோப்பிலும் சரியாக ஒரே எடை சீவி, ஒரே அளவு தண்ணீரில் கரைப்பது மட்டும் முக்கியம். கவனம், சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.

நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல வழிகள். ஒன்று தயிர், இன்னொன்று பயறு.

தயிர் சோதனையில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. உறைமோர் அதிகம் விட்டால் சீக்கிரம் உறையுமா? மிளகாய்க் காம்பு போட்டாலும் பால் உறையும் என்று பாட்டி சொல்கிறாரே, உண்மையா? காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பாலை ஒரே மாதிரியான எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு ஊற்றி, ஒன்றில் கால் ஸ்பூன், ஒன்றில் அரை, ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு என்று உறைமோர் விட வேண்டும். ஒரு டம்ளரில் காம்புகள். அப்புறம் ஒரு டம்ளரில் ஒன்றுமே விடாமல் வெறும் பால், இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். மே மாத வெக்கையில் வெறும் பாலும் தானாகத் திரியும். அந்த டம்ளர் இல்லையென்றால் காம்பு போட்டதால் ஆனதா, வெயிலால் ஆனதா என்று சொல்லவே முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை மெல்லச் சாய்த்துப் பார்த்து, பால் வழியாத நேரத்தைக் குறிக்க வேண்டும். காம்பு போட்டதையும் வெறும் பாலையும் யாரும் குடிக்க வேண்டாம். இதன் பலவீனம் இரண்டு. எப்போது உறைந்தது என்பது கண் மதிப்புதான், திரும்பத் திரும்பச் சாய்ப்பதே உறைவதைக் கெடுக்கும். இரண்டாவது, ஜூலையில் கண்காட்சி என்றால் கொண்டுபோய் வைக்க ஒன்றும் இருக்காது, புகைப்படமும் நோட்டும்தான்.

பயறு இந்த இரண்டிலும் தயிரை முந்திவிடுகிறது. முளைத்ததா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை, வேரின் நீளத்தை ஸ்கேலால் அளக்கலாம், கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு மறுபடி ஊறப்போட்டுக் கண்ணெதிரே காட்டலாம். "செடிக்குத் தண்ணீர் தேவையா, வெளிச்சம் தேவையா" என்ற பழைய சோதனை எனக்குப் பிடிப்பதில்லை, பதில் தெரிந்த கேள்வி அது. நான் சொல்வது உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கம் கரையோர ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது எல்லோருக்கும் தெரியும், 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் வயல்களுக்குள்ளேயே கடல் நீர் புகுந்தது. அப்படியானால் எத்தனை உப்பு வரைக்கும் ஒரு பயறு தாங்கும்? இதுதான் கேள்வி. லிட்டருக்கு 0, 2, 5, 10, 20, 35 கிராம் என்று ஆறு கரைசல்கள் செய்து பாட்டில்களில் பெயர் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஈரத்துணி விரித்து 20 பச்சைப்பயறு. சமையலறைத் தராசு இல்லாத வீட்டில், தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஐந்தாறு கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நோட்டில் அப்படியே எழுதிவிட வேண்டும்.

பச்சைப்பயறு இந்த வெயிலுக்கு ஒரே நாளில் முளைகட்ட ஆரம்பித்துவிடும். மூன்றாம் நாள் ஒவ்வொரு கிண்ணத்திலும் முளைத்தவை எத்தனை, வேர் சராசரி எவ்வளவு நீளம் என்று குறித்தால், கிராஃப் தாளில் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு மெல்ல இறங்குகிறதா, ஓர் இடத்தில் சடாரென்று விழுகிறதா என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஊருக்குப் போயிருந்தால் அங்கே கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் ஆகியவற்றையும் பாட்டிலில் பிடித்து வந்து இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அப்போது வகுப்பறைச் சோதனை அந்த ஊர்க்காரர்களுக்கே உபயோகமான விஷயமாகிவிடும். பயறை மூழ்கடிக்காதீர்கள், காற்று இல்லாமல் அழுகிவிடும், அழுகலுக்கு உப்பைக் குற்றம் சொல்லிவிடுவோம். துணி காய்ந்துவிடாமல் பார்க்க வேண்டும், காயக் காய உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகும். தட்டைப் போட்டு மூடினால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஒரே கிண்ணத்தில் மூன்று பயறு மட்டும் வைத்து முடிவு சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், மூன்றில் ஒன்று சொத்தையாக இருந்தாலே கணக்கு போச்சு. அதனால்தான் இருபது.

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்தது, மண்பானை. கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும், இந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான காலம் வருடத்தில் வேறு கிடையாது.

பானைத் தண்ணீர் குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதில் என்ன புதுசு என்று தோன்றும். தெரிந்தது அவ்வளவுதான், எவ்வளவு குளிரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதுவும் வழக்கமாகச் செய்வதுபோல் மண்பானையையும் எவர்சில்வர் குடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பொருளும் வேறு, கனமும் வேறு, வடிவமும் வேறு. எதனால் குளிர்ந்தது என்று நிரூபித்ததாகாது. இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு சின்ன மண் கலயங்கள் வாங்குங்கள். ஒன்றின் வெளிப்புறம் முழுக்க எனாமல் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று, பெயின்ட் அடித்ததன் துளைகள் அடைபட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரு நாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொட்டிவிட்டு, இரண்டிலும் ஒரே குடத்துத் தண்ணீரைச் சமமாக ஊற்றி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து, ஒரு மணிக்கு ஒரு தடவை வெப்பநிலையும் எடையும் பார்க்க வேண்டும். பூப்போட்டு வார்னிஷ் பளபளக்க, குழாய் வைத்து விற்கிற அலங்காரப் பானைகளை வாங்கி ஏமாறும் வீடுகளுக்கு இந்தச் சோதனை ஒரு பதிலும் சொல்லிவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை, பெயின்ட் வெளியேதான் என்றாலும் சோதனைக் கலயம் சோதனைக்கு மட்டும்.

எடை எதற்கு? அங்கேதான் இந்தச் சோதனையின் சாரமே இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க அதிலிருந்து வெளியேற வேண்டியது சுமார் 4,200 ஜூல். ஆக, ஒரு லிட்டரில் 10 கிராம் ஆவியானால் கணக்குப்படி ஐந்தரை டிகிரிக்கு மேல் குறைய வேண்டும். பிள்ளை தராசில் 10 கிராம் குறைந்ததைப் பார்க்கும், தெர்மாமீட்டரில் அவ்வளவு குறைந்திருக்காது. ஏன்? வெளியே உள்ள சூடு ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, கலயமும் சேர்ந்து குளிர வேண்டியிருக்கிறது. நேரம் போகப் போக எடை குறைந்துகொண்டே இருக்கும், வெப்பநிலை மட்டும் ஓர் இடத்தில் நின்றுவிடும். உள்ளே வரும் சூடும் வெளியே போகும் சூடும் அங்கே சமம். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைத் தன் எண்களை வைத்தே விளக்கினால் எந்த நடுவரும் நின்று கேட்பார்.

இன்னொன்று செய்யலாம். தெர்மாமீட்டரின் குமிழைச் சுற்றி ஈரப் பஞ்சு சுற்றி விசிறிக் காற்றில் காட்டினால் வெப்பநிலை இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அன்றைய காற்றில் எந்தப் பானையாலும் அதற்குக் கீழே போக முடியாது. காற்றில் ஈரம் அதிகமானால் இந்த எல்லை மேலே ஏறிவிடும். அதனால்தான் கரூரிலும் வேலூரிலும் பானைத் தண்ணீர் பல் கூசுகிற அளவுக்கு இருக்கும்போது சென்னையில் கடல் காற்று வீசும் மாலையில் சுமாராகத்தான் இருக்கிறது. சென்னைப் பிள்ளைக்கு வித்தியாசம் குறைவாக வந்தால் சோதனை தோற்றது என்று நினைத்து மூடி வைத்துவிடாதீர்கள். வானிலை ஆப்பில் காட்டும் ஈரப்பத சதவீதத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்து எழுதினால், அந்தக் குறைவான எண்ணே விடையாகிவிடும்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, பழைய கண்ணாடி வகை 35 டிகிரிக்குக் கீழே காட்டாது, டிஜிட்டல் வகை பெரும்பாலும் 32க்குக் கீழே காட்டாது. ஆய்வகத் தெர்மாமீட்டர், சிவப்புத் திரவம் உள்ளது, வாங்க வேண்டும், பாதரசம் உள்ளது வேண்டவே வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசும் வேண்டும். கலயமும் பெயின்ட்டும் போக, இந்த இரண்டும்தான் செலவு. குஜராத்தில் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் இதே ஆவியாதலை வைத்து மின்சாரமே இல்லாத களிமண் குளிர்பெட்டி செய்து மிட்டிகூல் என்ற பெயரில் விற்கிறார், அதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். பழைய பானை ஏன் வர வரக் குளிர்விப்பதில்லை என்பது அடுத்த கேள்வி. தண்ணீரிலுள்ள உப்பு துளைகளை அடைத்துவிடுகிறது. உப்புத் தண்ணீர் வரும் ஊரில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும்.

கடைசியாக நிழல். இதற்குப் பைசா செலவு கிடையாது, ஒரு மீட்டர் உயரக் கம்பும் மொட்டை மாடியும் போதும். ஆனால் இந்த வரிசையில் மிக ஆழமானதும், மிக அதிகமாகப் பொறுமை கேட்பதும் இதுதான்.

நடுப்பகலில் நிழல் வடக்கே விழும் என்று எங்கோ படித்த பிள்ளை, மே மாதம் தமிழ்நாட்டில் நின்று பார்த்தால் நிழல் தெற்கே விழும். சூரியன் ஏப்ரலிலேயே நம் தலைக்கு நேரே கடந்து வடக்கே போய்விட்டது. நிழலில்லா நாள் என்று சொல்கிறார்களே, அது கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வரும், சென்னைக்கு ஏப்ரல் 24, 25 வாக்கில். அதன்பின் ஜூன் 21 வரை நிழல் தெற்குப் பக்கமாக வளர்ந்துகொண்டே போகும். சென்னையில் ஒரு மீட்டர் கம்பின் நடுப்பகல் நிழல் மே 1ஆம் தேதி 3 சென்டிமீட்டர் சொச்சம், மே கடைசியில் 15 சென்டிமீட்டருக்கு மேல். நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை அளந்தாலே மாற்றம் கையில் தெரியும். அந்த நடுப்பகல் கடிகாரத்தில் 12 மணிக்கு வராது என்பது இன்னொரு ஆச்சரியம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, அதற்கு மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் 4 நிமிடம் தாமதம். மே மாதத்தில் சூரியன் கடிகாரத்தைவிடச் சுமார் மூன்று நிமிடம் முந்தி வரும், அதையும் கழித்தால் சென்னைக்கு 12 மணி 5, 6 நிமிடம், மதுரைக்கு 12 மணி 14 வாக்கில், கோவைக்கு 12 மணி 18, 19. பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல், 11.45இலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லி, எது மிகக் குட்டையானது என்று அதுவே கண்டுபிடிக்க விடுவது நல்லது.

கம்பு செங்குத்தாக நிற்க வேண்டும், கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். நிழலின் நுனி மங்கலாகத்தான் விழும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலம் உள்ள வட்டம், ஆகவே ஒரு மீட்டர் கம்புக்கு நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கலங்கலாக இருக்கும். கம்பின் உச்சியில் ஒரு அட்டையைப் படுக்கையாக ஒட்டி அதில் சின்னத் துளை போட்டால், நிழலுக்கு நடுவே வட்டமாக ஓர் ஒளிப்பொட்டு விழும், அதன் மையத்தைக் குறித்தால் கலங்கல் பிரச்சினை தீர்ந்தது. அந்தப் பொட்டு துளையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். துளையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமாகத்தான் விழும், வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இந்தச் சோதனைக்குத் துணை ஒன்று வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் அலெக்சாந்திரியா, சையீன் என்ற இரண்டு ஊர்களின் நிழல்களை வைத்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். சென்னையில் ஒரு பிள்ளை, கன்னியாகுமரியில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கும் இன்னொரு பிள்ளை, இருவரும் ஒரே நாள் அவரவர் ஊரின் நடுப்பகலில் அளந்தால் இதையே செய்துவிடலாம். நிழலையும் கம்பையும் அளவுப்படி தாளில் வரைந்து பாகைமானியால் கோணத்தைப் பார்த்தால் போதும், முக்கோணவியல் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஊர்களுக்கும் கோண வித்தியாசம் 5 டிகிரி வரும். தெற்கு வடக்காக நேர்கோட்டில் தூரம் சுமார் 555 கிலோமீட்டர். 360ஐ 5ஆல் வகுத்தால் 72, அதை 555ஆல் பெருக்கினால் 39,960. உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு இவ்வளவு கச்சிதமாக வராது, பாகைமானியில் அரை டிகிரி பிசகினாலே பத்து சதவீதம் மாறிவிடும். வந்ததை வந்தபடி எழுத வேண்டும். பஸ் போகும் சாலைத் தூரத்தை எடுக்கக் கூடாது, வரைபடத்தில் தெற்கு வடக்குத் தூரத்தை மட்டும் எடுக்க வேண்டும். சென்னையையும் கோவையையும் ஜோடி சேர்த்தால் வித்தியாசம் 2 டிகிரிதான், பிழை விடையை விழுங்கிவிடும். சென்னை, மதுரை பரவாயில்லை.

வெயில் பெட்டியை, அதாவது அட்டைப்பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டிக் கண்ணாடி மூடிச் சமைப்பதை, நான் தனியாகச் சிபாரிசு செய்வதில்லை. பானைக்காகத் தெர்மாமீட்டர் வாங்கிவிட்டால் அடுத்த வாரம் அதையும் செய்யலாம், கண்ணாடி மூடியும் மூடாமலும், உள்ளே கறுப்பு டம்ளரும் வெள்ளை டம்ளரும் என்று. சூடு கையைச் சுடும் அளவுக்கு ஏறும், துணி பிடித்து எடுக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்றாம் வகுப்புக்குள் என்றால் மஞ்சள், யோசிக்கவே வேண்டாம். வீட்டில் பகலில் அம்மா அப்பா இல்லை, தாத்தா பாட்டி மட்டும்தான் என்றால் பயறு, ஆபத்தே இல்லாதது, மூன்று நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும், சரியாக வராவிட்டால் மறுபடி செய்ய நேரம் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை, உள் மாவட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால் பானை. கணக்கில் ஆசை உள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, தூரத்து ஊரில் ஒத்த வயதுச் சொந்தம் இருந்தால், நிழல். மேகம் வந்து நாலு நாள் கெட்டுப்போகலாம், வெயிலில் செருப்புப் போட்டு, தொப்பி வைத்து, பத்து இருபது நிமிடத்துக்கு மேல் மாடியில் நிற்க விடக்கூடாது, சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. இவ்வளவும் சமாளிக்க முடியும் என்றால் இதற்கு இணை இல்லை. பயறா பானையா என்று இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்களுக்கு நான் பயறையே சொல்வேன், முதல் தடவை அளந்து பழகுகிற பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் படிப்பதைவிட முளையை எண்ணுவது கைவசப்படும்.

எதைச் செய்தாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாக வேண்டும். தேதி, நேரம், எண், அன்று நடந்த வேறெதுவும். "மதியம் கரண்ட் போய்விட்டது, ஃபேன் ஓடவில்லை" என்று பென்சிலால் எழுதியிருக்கும் ஒரு வரி, கலர் பிரின்ட் எடுத்து ஒட்டிய நாலு சார்ட்டைவிட எனக்குப் பெரிது. அடித்துத் திருத்தியதை அழிக்க வேண்டாம், அழகாகத் திரும்ப எழுதிக் கொடுக்கும் வேலையும் அம்மா அப்பாவுக்கு வேண்டாம். இப்படி உண்மையான எண்கள் கையில் இருக்கும் வேலையைப் பள்ளியோடு நிறுத்தத் தேவையில்லை. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று 1993 முதல் நடக்கிறது, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது, தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் பிள்ளைகளே ஆராய்ந்து தமிழிலேயே அறிக்கை எழுதிக் கொண்டுபோகலாம். ஊர்த் தண்ணீரில் முளைத்த பயறு அங்கே நேராகப் பொருந்தும். அறிவியல் ஆசிரியரிடம் ஜூன் மாதமே கேட்டு வையுங்கள், தலைப்பும் தேதியும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கண்காட்சி நாளுக்கு ஒரு குறிப்பு. பானையைக் கொண்டுபோகிறவர்கள் காலையில் போன உடனே தண்ணீர் ஊற்றி வைத்துவிட வேண்டும், நடுவர்கள் வருவதற்குள் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், மேசை ஜன்னல் பக்கம் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஜூலை ஆகஸ்ட் ஈரக்காற்றில் மே மாத எண்கள் திரும்ப வராது, அதற்காகவே மே மாத நோட்டை மேசையில் திறந்து வைத்து, இன்றைய எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடச் சொல்லுங்கள்.